எறியாத பந்து

பாடம் 6 – உரைநடை

படிக்கும் முன்: உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வளரும் விலங்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரை இங்கே எழுதுங்கள்: …………………… . பாடத்தின் இறுதியில் இப்பெயர் தேவைப்படும்.

மாலை நேரம். குடியிருப்பின் பூங்காவில் சிறுவர் நால்வர் ஒரு நாயுடன் நிற்கின்றனர். ஒருவன் கையில் பந்து இருக்கிறது. அவன் கையை ஓங்கி எறிவதுபோல் வீசுகிறான். பந்தோ அவன் முதுகுக்குப் பின்னே மறைந்துகொள்கிறது. நாய் பாய்ந்து ஓடுகிறது, புல்லை முகர்கிறது, செடிகளின் அடியில் தேடுகிறது, திரும்பி வந்து அவன் முகத்தை நோக்குகிறது. சிறுவர்கள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். கை மீண்டும் ஓங்கப்படுகிறது. இதனை ஒருவன் கைப்பேசியில் படம் பிடிக்கிறான்.

இக்காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்நால்வருள் ஒருவராக நின்றிருக்கவும் கூடும். இங்கே எவரும் நாயை அடிக்கவில்லை. பட்டினி போடவும் இல்லை. “விளையாட்டுத்தானே ஐயா, இதில் என்ன தவறு?” என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். எனக்கு அன்று உடனே விடை தோன்றவில்லை. மணி அடித்துவிட்டது என்று கூறித் தப்பித்துக்கொண்டேன். அவருக்குத் தரவேண்டிய விடையைத்தான் இப்பாடமாக எழுதியிருக்கிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். விளையாட்டு, குறும்பு, கேலி, கிண்டல், சீண்டல், எள்ளல் எனத் தமிழில் பல சொற்கள் உள்ளன. அவை ஒரே பொருளைத் தருவன அல்ல. குறும்பு செய்பவனைத் தாய் கடிந்துகொண்டே அணைத்துக்கொள்வாள். சீண்டுதல் என்பது அமைதியாக இருக்கும் ஒன்றைத் தொட்டுத் தொட்டுக் கிளறிவிடுவது. எள்ளல் என்பது ஒருவரைத் தாழ்வாக எண்ணி நகைப்பது. விளையாட்டு என்னும் சொல்லில் மட்டும் இருவருக்கும் பங்கு உண்டு. இருவரும் விளையாடினால்தான் அது விளையாட்டு. ஒருவர் மட்டும் விளையாடினால் அதற்கு வேறு பெயர்.

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் ஆராய்ந்திருக்கிறது. பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களை அவ்வியல் கூறுகிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளமை என்பது எளிதில் விளங்கும். நாய்க்குட்டி தன் வாலைத் தானே துரத்திச் சுழன்று விழும்போது நாம் சிரிக்கிறோமே, அது இளமை கண்டு பிறந்த நகை. அச்சிரிப்பால் குட்டிக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் நுட்பமானது: பிறர் அறிவித்ததை உண்மை என்று கொண்டு, கொண்டதை விடாமல் பற்றியிருத்தல்.

இப்போது பூங்காவில் நிற்கும் நாயைப் பாருங்கள். கை வீசப்பட்டது; ஆகவே பந்து போயிருக்கும் என்று அது நம்பியது. பந்து கிடைக்கவில்லை. அப்போதும் அவன் பொய் செய்தான் என்று அது நினைக்கவில்லை. தான் சரியாகத் தேடவில்லை போலும் என்று மறுபடியும் ஓடியது. நாம் சிரித்தது அதன் அறிவின்மையைக் கண்டன்று. நம்மேல் அது வைத்த நம்பிக்கையைக் கண்டே சிரித்தோம். இந்த இடம்தான் என்னை உறுத்துகிறது.

ஒருமுறை கையை ஓங்கி ஏய்த்துவிட்டு, அடுத்த நொடியே பந்தை வீசினால் அதுவும் விளையாட்டின் பகுதிதானே என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், அதனை நான் மறுக்கவில்லை. கண்ணாமூச்சியிலும் ஏய்ப்பு உண்டு. ஆனால் கண்ணாமூச்சியில் ஒளிந்தவர் இறுதியில் வெளியே வருவார். பத்து முறை ஓடியும் பந்து வரவேயில்லை என்றால், நாய்க்கு அங்கே கிடைத்தது என்ன?

நம்பிக்கைக்கும் ஓர் அளவு உண்டு என்பதை நாய்களும் காட்டுகின்றன. ஜப்பான் நாட்டுக் கியோத்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்றின் முடிவு 2015 ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒருவர் இரண்டு கலங்களை வைத்து, உணவுள்ள கலத்தை நாய்க்குச் சுட்டிக்காட்டினார். நாய் அங்கே சென்று உண்டது. அடுத்து அவரே வெறுங்கலத்தைச் சுட்டிக்காட்டினார். நாய் நம்பிச் சென்று ஏமாந்தது. மூன்றாம் முறை அவர் உணவுள்ள கலத்தையே காட்டினார். அப்போது பல நாய்கள் அவர் கைகாட்டிய பக்கம் செல்லத் தயங்கின. பின்னர்ப் புதிய ஆள் ஒருவர் வந்து சுட்டிக்காட்டியபோது, நாய்கள் முன்போல் விரைந்து சென்றன. அவை மனிதரையே ஐயுறவில்லை. ஏமாற்றிய மனிதரை மட்டுமே ஐயுற்றன.

“அதற்குப் பிடிக்கவில்லை என்றால் அது சொல்லலாமே” என்பீர்கள். அது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குத்தான் அம்மொழி தெரிவதில்லை. நம் வீடுகளில் வளரும் நாய்களின் மொழியறிவு வியப்புக்குரியது. பாட்டி தமிழில் ‘வா’ என்றாலும், பிள்ளைகள் இந்தியில் ‘ஆவோ’ என்றாலும், அப்பா ஆங்கிலத்தில் ‘கம்’ என்றாலும் அவை ஓடி வருகின்றன. மும்மொழித் திட்டத்தை முழுமையாக நிறைவேற்றியவை அவையே என்று நான் வகுப்பில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அவற்றின் ஒரு மொழியையேனும் நாம் கற்கலாம் அல்லவா?

அருகில் உணவு இல்லாதபோதும் நாய் உதட்டை நக்கிக்கொண்டால், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டால், முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டால், அது அமைதியின்றி இருக்கிறது எனலாம். கடைக்கண்ணில் வெண்மை பிறை போலத் தெரிவதும், காதுகள் பின்னே ஒட்டிக்கொள்வதும், வால் கால்களுக்கிடையே ஒடுங்குவதும் அச்சத்தின் குறிகள். உடல் அசையாமல் விறைத்து நின்றால் அது கடிக்கு மிக அருகில் இருக்கிறது. வாலாட்டும் நாய் எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். விறைப்பாக உயர்த்திய வாலைச் சிறிதாக, வேகமாக ஆட்டுவது சினத்தின் குறியாகவும் இருக்கலாம். உறுமுதலும் ஒரு சொல்லே. ‘போதும்’ என்பது அதன் பொருள். உறுமியதற்காக நாயை அடிப்பவர் அதன் எச்சரிக்கைச் சொல்லைப் பறித்துவிடுகிறார். அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும்.

விளையாட அழைப்பதற்கும் நாயிடம் ஒரு சொல் உண்டு. முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி, வணங்குவதுபோல் நிற்கும். இரண்டு நாய்கள் ஒன்றையொன்று புரட்டி விளையாடும்போது இதனை இடையிடையே காணலாம். வலிமை மிக்க நாய் வேண்டுமென்றே கீழே விழுந்து எளிய நாய்க்கு விட்டுக்கொடுப்பதையும் காணலாம். நீங்கள் விளையாடும்போது ஐயம் வந்தால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. கையை எடுத்துவிட்டுச் சற்றே ஒதுங்கி நில்லுங்கள். அது உங்களைத் தேடி வந்து மறுபடியும் அழைத்தால் அது விளையாட்டு. விலகி ஓடி, உடலைச் சிலிர்த்து உதறிக்கொண்டால், அது உங்கள் கையிலிருந்து தப்பியிருக்கிறது.

பூனையின் மொழி வேறு. முதுகுத் தோல் துடிப்பதும், வால் இடமும் வலமும் அடிப்பதும், காதுகள் தட்டையாவதும் அதன் ‘போதும்’. பூனை உண்ணும்போது அதன் பின்னே ஓசையின்றி வெள்ளரிக்காயை வைத்து, அது திடுக்கிட்டுத் துள்ளுவதைப் படமெடுத்துப் பரப்புகின்றனர். உண்ணும் இடமே ஒரு விலங்கு அச்சமின்றித் தலைகுனியும் இடம். அங்கே அச்சத்தை வைத்தால், பின்னர் அது உணவுக் கிண்ணத்தருகே வரவும் தயங்கும். சுவரில் ஒளிப்புள்ளியை ஓடவிட்டுத் துரத்தச் செய்வது இன்னொரு வழக்கம். ஒளியை எந்தப் பூனையாலும் பிடிக்க இயலாது. வேட்டையாடும் உயிருக்குப் பிடித்தல் இல்லாத துரத்தல் நிறைவு தருவதில்லை. அதனால், ஒளி விளையாட்டை விரும்புவோர் இறுதியில் அது பிடித்துக் கடிக்கத்தக்க ஒரு துணிப்பந்தையேனும் தரவேண்டும். நாய்களிடம் இவ்விளையாட்டே வேண்டா. சில நாய்கள் அதன்பின் நிழலையும் ஒளியையும் ஓயாமல் துரத்தும் நோய்க்கு ஆளாகின்றன.

ஓசையைக் கொண்டு அச்சுறுத்துவது பற்றியும் ஒரு சொல். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும்; நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனை அதனினும் மேலே கேட்கும். நமக்கு வேடிக்கையாக உடையும் பலூன் அதற்கு எத்தகையது என்பதை நாம் கற்பனை செய்யத்தான் முடியும். தீபாவளி நாளில் கட்டிலின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும் நாயைக் காலைப் பிடித்து இழுத்து உறவினருக்குக் காட்டுவோரை நான் கண்டிருக்கிறேன்.

கிளியைச் சீண்டுவது பற்றி இங்கே விரித்து எழுதவேண்டியதில்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பதே 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டம் என்றதும் ஒரு தமிழ்ப் பெண்மணியை நினைவுகூர வேண்டும். சென்னையில் 1936 ஆம் ஆண்டு கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நடனக் கலைஞராக நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1952 ஆம் ஆண்டு மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான அவர், விலங்குகளுக்குத் துன்பம் இழைப்பதைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அரசே 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1962 ஆம் ஆண்டு அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நம் அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு, உயிர்களிடம் பரிவு கொள்வதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. இருப்பினும், எறியாத பந்துக்காக எந்த நீதிமன்றமும் எவரையும் அழைப்பதில்லை. சட்டம் நுழையாத அளவுக்குச் சிறிய இடம் அது. அங்கே பார்த்துக்கொள்ள நாம் மட்டுமே இருக்கிறோம்.

இங்கே ஒரு செய்தியை நான் அழுத்திச் சொல்லவேண்டும். சீண்டிய சிறுவரை நாய் கடித்துவிட்டால், பெரும்பாலும் அவர் அதனை வீட்டில் மறைக்கிறார். ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்பார்களே என்னும் அச்சமே காரணம். மறைக்கவே கூடாது. பல் பட்டாலும் நகம் கீறினாலும் அந்த இடத்தை உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். உடனே பெரியவர்களிடம் கூறி, அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். வெறிநாய்க்கடி நோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ‘நம் வீட்டு நாய்தானே’ என்றும் இருந்துவிடக் கூடாது. நாயைச் சீண்டியதற்காகக் கிடைக்கும் திட்டு, ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

மாணவர்களே, கேலி என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. இவ்வூரில் உங்களுள் பலரை ‘மதராசி’ என்று அழைத்திருப்பார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால், அங்கே அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் உங்கள் தமிழைச் சொல்லிக் காட்டிச் சிரித்திருப்பார்கள். ‘பழம்’ என்று சொல்லச் சொல்லி, சுற்றி நின்று கேட்டிருப்பார்கள். அவர்கள் பகைவர் அல்லர், உங்கள்மேல் அன்புடையவர்களே. அப்படியிருந்தும் இரண்டாம் நாள் நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள் அல்லவா? மூன்றாம் நாள் அம்மாவிடம் சென்று முறையிட்டிருப்பீர்கள். நாய்க்கு அந்த மூன்றாம் நாள் கிடையாது.

இனி, என் கதை ஒன்று. அப்போது எனக்கு வயது பத்து. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் ஆச்சி வீடு இருந்தது. அங்கே மணி என்றொரு நாய் இருந்தது. செம்பழுப்பு நிறம்; ஒரு காது மடிந்திருக்கும். ஆச்சி அலுமினியத் தட்டைத் திண்ணையில் இருமுறை தட்டினால், தெருமுனையில் இருந்தாலும் பாய்ந்து வரும். அந்த ஓட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆகவே வெறுந்தட்டை எடுத்துத் தட்டத் தொடங்கினேன். மணி வரும், தட்டை முகரும், என்னைப் பார்க்கும். நான் சிரிப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஒரு வாரம் இது நடந்தது. நாளடைவில் அது ஓடி வருவது நடந்து வருவதாயிற்று. நான் அதனைக் கவனிக்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள். ஆச்சி அடுத்த ஊரில் ஒரு வீட்டு விசேடத்திற்குச் சென்றார். மணிக்குச் சோறு வைக்கும்படி என்னிடம் கூறிவிட்டுப் போனார். நண்பகலில் சோற்றை மோரில் பிசைந்து எடுத்துச் சென்று தட்டைத் தட்டினேன். மணி வேப்பமரத்தடியில் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடியும் முன்னங்கால்களின்மேல் தலையை வைத்துக்கொண்டது. மீண்டும் தட்டினேன். தட்டை அதன் அருகிலேயே கொண்டுபோய் வைத்தேன். அது எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டது. நான் உள்ளே சென்றதும், காகங்கள் வந்து சோற்றைச் சிந்தின.

ஆச்சி பொழுது சாய்ந்தபின் வந்தார். தட்டைக் கழுவி, மீதிச் சோற்றை இட்டு, திண்ணையில் இருமுறை தட்டினார். மணி பாய்ந்து வந்தது.

“பகல்ல சோறு வைக்கலியா?” என்று கேட்டார்.

“வச்சேன் ஆச்சி. அதுதான் வரல.”

ஆச்சி மணி உண்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தட்டுச் சத்தம் கேட்டா நிக்காதே இது. வாயில்லாச் சீவன். என்ன நடந்துச்சுன்னு அதுகிட்டக் கேக்கவா முடியும்? நீதான்யா சொல்லணும்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் நாங்கள் ரயில் ஏறினோம்.

அருஞ்சொற்பொருள்

எள்ளல் – இகழ்ந்து நகைத்தல். மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல். நிலைக்களன் – பிறப்பிடம், அடிப்படை. ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல். ஏய்த்தல் – ஏமாற்றுதல். திண்ணை – வீட்டு முகப்பில் அமர்வதற்காகக் கட்டப்பட்ட மேடை.

மொழியை அறிவோம்

‘வாயில்லாச் சீவன்’ என்றார் ஆச்சி. மணிக்கு வாய் உண்டு; பற்களும் உண்டு. இங்கே ‘வாய்’ என்பது பேச்சைக் குறிக்கிறது. பேச்சுக்குக் கருவியாகிய உறுப்பின் பெயர், அதனால் விளையும் பேச்சுக்கு ஆகி வந்ததால் இது கருவியாகுபெயர்.

‘நாய் ஏமாந்தது’ என்பது தன்வினை. ‘சிறுவன் நாயை ஏமாற்றினான்’ என்பது பிறவினை. ‘பந்துக்காக நாய் ஏமாந்தது’ என்று மட்டும் எழுதினால், செய்தவன் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறான். கீழ்வருவனவற்றைப் பிறவினையாக மாற்றி, செய்தவர் யார் என்பதும் விளங்குமாறு எழுதுக: நாய் ஓடியது, பூனை அஞ்சியது, கன்று மிரண்டது.

மரபுச்சொல் அறிந்து நிரப்புக: நாய் …………, குதிரை …………, மயில் …………, யானை …………, காகம் ………….

பயிற்சி

1. தொல்காப்பியம் கூறும் நகையின் நான்கு நிலைக்களன்கள் யாவை? நீங்கள் இந்த வாரம் சிரித்த ஒரு சிரிப்பு அவற்றுள் எதைச் சார்ந்தது?

2. திருக்குறளின் 100 ஆம் அதிகாரம் பண்புடைமை. விளையாட்டாகச் செய்யும் இகழ்ச்சியும் துன்பம் தரும் என்னும் கருத்துடைய குறள் அதில் உள்ளது. அதனைக் கண்டுபிடித்து, வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுக.

3. பாடத்தின் தொடக்கத்தில் ஒரு பெயர் எழுதினீர்கள். அவ்விலங்கைத் தொடாமல், அழைக்காமல், பத்து நிமிடம் உற்றுநோக்குக. அது உடலால் கூறியவற்றுள் மூன்றனை எழுதுக. வீட்டில் விலங்கு இல்லாதோர் தெருநாய் ஒன்றைத் தொலைவிலிருந்து மட்டும் நோக்குக. உணவைக் காட்டி அழைக்க வேண்டா.

4. ‘ஒருமுறை ஏய்ப்பது விளையாட்டே’ என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.

5. ஆச்சியின் வினாவுக்கு அச்சிறுவன் அன்று கூறியிருக்கக்கூடிய விடையை, உங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே ஐந்து வரிகளில் எழுதுக.